வேலையை விடாமல் பட்டாளத்தில் சேரலாமா? டெரிட்டோரியல் ஆர்மி: புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

கோவையில் டெரிட்டோரியல் ஆர்மிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தால் போதும், அக்கம்பக்கத்து மாவட்டங்கள் மட்டுமில்லாமல் வெளிமாநிலங்களிலிருந்தும் பையன்கள் ரயிலேறி வந்து இறங்குகிறார்கள். வருகிறவர்களில் நிறையப் பேர் இதை நிரந்தர அரசு வேலை என்றே நம்பி வருகிறார்கள். அந்த நம்பிக்கையோடு உள்ளே போனவர்களுக்குப் பின்னால் மனக்கசப்புதான் மிஞ்சுகிறது. அதே நேரத்தில், யாரை மனதில் வைத்து இந்தப் படையை உருவாக்கினார்களோ அவர்களுக்கு இப்படியொரு வழி இருப்பதே தெரியவில்லை. சொந்தமாக லேத் பட்டறை வைத்திருப்பவர், கல்லூரியில் பாடம் நடத்துபவர், சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர், பனியன் கம்பெனியில் முப்பத்தைந்து வயதில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருப்பவர், இவர்களெல்லாம் “நமக்குத்தான் வயசாகிப் போச்சே, இனி எங்கே பட்டாளம்?” என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இந்த இரண்டு தரப்பும் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். டெரிட்டோரியல் ஆர்மி உங்களுக்குப் பொழப்பு தருவதற்காக ஏற்பட்டதல்ல. ஏற்கெனவே ஒரு பொழப்பு உள்ளவர்களிடம், “வருஷத்தில் கொஞ்ச நாள் எங்களோடு வந்து பயிற்சி எடுங்கள், நாட்டுக்குத் தேவைப்படும்போது சீருடை போட்டு வந்து நில்லுங்கள், தேவை முடிந்ததும் உங்கள் வேலைக்கே திரும்பிப் போங்கள்” என்று கேட்கும் படை அது. சேரும்போது உங்களுக்கென்று ஒரு வருமானம் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. வயது வரம்பு 42 வரை நீள்வது, சம்பளம் வேலை பார்க்கும் நாளுக்கு மட்டும் வருவது, ஓய்வூதியம் எல்லோருக்கும் கிடைக்காமல் போவது, முதலாளிகளுக்கென்று தனியாகச் சட்டப்பிரிவு இருப்பது எல்லாமே இந்த ஒரு அடிப்படையிலிருந்து வருபவைதான்.

எது இல்லை என்பதையும் பார்த்துவிடுவோம்

நாளிதழ்களில் பிராந்திய ராணுவம், பிரதேச ராணுவம் என்று பல பெயர்களில் எழுதுகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் சுருக்கமாக டி.ஏ. என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஊர்க்காவல் படை வேறு. திருவிழாவிலும் தேர்தலிலும் போலீஸுக்குத் துணையாக நிற்கும் அந்தப் படைக்கும் ராணுவத்துக்கும் தொடர்பில்லை. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற துணை ராணுவப் படைகள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் முழுநேர வேலைகள். என்.சி.சி. மாணவர்களுக்கான பயிற்சி அமைப்பு. அதில் இருப்பவர்களைப் போருக்கு அனுப்ப மாட்டார்கள். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேரும் அக்னிவீரர்கள் நான்கு வருஷம் முழுநேர ராணுவ வீரர்கள். அவர்களில் அதிகபட்சம் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் தொடர்ந்து பணியில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள்.

டி.ஏ. இந்திய ராணுவத்தின் ஓர் அங்கம். சீருடை, துப்பாக்கி, பதவிப் பெயர்கள், மரியாதை எல்லாம் ராணுவத்தினுடையவை. பணிக்கு அழைக்கப்பட்ட நாளில் ராணுவச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். “நான் பகுதிநேர ஆள்தானே” என்று சொல்லி எதிலிருந்தும் தப்பிக்க முடியாது.

நம்ம ஊரிலேயே இருக்கும் பட்டாலியன்

டெரிட்டோரியல் ஆர்மி சட்டம் நிறைவேறியது 1948இல். படையை முறைப்படி தொடங்கி வைத்தவர் ராஜாஜி. 1949 அக்டோபர் 9ஆம் தேதி, அவர் சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தபோது அது நடந்தது. அதனால்தான் ஆண்டுதோறும் அக்டோபர் 9ஆம் தேதி டி.ஏ. தினம். சேலத்தில் வக்கீலாக இருந்து, 1925இல் திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்துக் கதர் நூற்க வைத்த மனிதர் அவர். ராட்டையைக் கையில் கொடுத்தவரே பொதுமக்களின் படையையும் தொடங்கி வைத்தார் என்பதில் எனக்கு முரண் எதுவும் தெரியவில்லை. நாட்டைப் பார்த்துக்கொள்வதைச் சம்பளத்துக்கு வைத்த ஆட்களிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்ற எண்ணம் இரண்டிலும் இருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்திலும் இதுபோன்ற படைகள் இருந்தன. 1920இல் இந்தியர்களுக்கென்று ஒரு பிராந்தியப் படைச் சட்டமும், ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் தனியாகத் துணைப்படைச் சட்டமும் கொண்டுவந்தார்கள். நிறத்தைப் பார்த்து ஆளைப் பிரித்த அந்த ஏற்பாடு சுதந்திரத்தோடு ஒழிந்தது. 1948 சட்டம் எல்லாக் குடிமக்களையும் ஒரே வரிசையில் நிறுத்தியது.

கோவை ரெட்ஃபீல்ட்ஸ் பக்கம் போனவர்கள் ராணுவப் பெயர்ப்பலகைகளைப் பார்த்திருப்பார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட்டோடு இணைந்த 110ஆவது காலாட்படை டி.ஏ. பட்டாலியன் கோவையில்தான் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமெண்ட்டின் தலைமை மையமும் நமக்குத் தூரமில்லை, மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் வெலிங்டன். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு டி.ஏ. டெல்லியில் எங்கோ இருக்கும் விஷயமில்லை, டவுன்பஸ் போகும் தூரத்தில் இருக்கிறது.

காலாட்படை பட்டாலியன்கள் தவிர வேறு வகைகளும் உண்டு. ரயில்வே, இந்தியன் ஆயில், ஓ.என்.ஜி.சி. போன்ற நிறுவனங்களின் ஊழியர்களை வைத்தே அமைக்கப்பட்ட பிரிவுகள் இருக்கின்றன. போரோ வேலைநிறுத்தமோ வந்து எரிபொருளும் போக்குவரத்தும் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. முன்னாள் படைவீரர்களைக் கொண்டு மரம் நடும் சுற்றுச்சூழல் பட்டாலியன்களும் இருக்கின்றன. அவற்றில் முதலாவது 1982இல் உருவாகி, சுண்ணாம்புக்கல் சுரங்கங்களால் மொட்டையாகிப்போன முசௌரி மலைகளை மறுபடி பச்சையாக்கியது. பொதுமக்கள் நேரடியாகச் சேரக்கூடியவை பெரும்பாலும் காலாட்படை பட்டாலியன்கள் என்பதால் இனி அவற்றைப் பற்றியே சொல்கிறேன்.

ஒரு வருஷம் எப்படிப் போகும்?

அமெரிக்காவில் நேஷனல் கார்டு என்று ஒரு படை உண்டு. மாதத்தில் ஒரு வாரக்கடைசி, வருஷத்தில் இரண்டு வாரம் என்பது அவர்கள் கணக்கு. யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் சனி ஞாயிறு போய்வந்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கே கணக்கு வேறு.

அதிகாரியாகச் சேர்கிறவருக்கு முதல் வருஷம் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி. அதோடு அந்த வருஷம் உட்பட ஒவ்வொரு வருஷமும் இரண்டு மாத முகாம். சேர்ந்த முதல் இரண்டு வருஷங்களுக்குள் மூன்று மாதப் பயிற்சி ஒன்றும் உண்டு. ஆகவே, தொடக்க வருஷங்களில் வீட்டையும் வேலையையும் விட்டு இருக்க வேண்டிய காலம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். அதன்பிறகு, வேறு அழைப்பு எதுவும் வராத வருஷத்தில், இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் தொடர்ச்சியாக வரும். இன்று நான்கு நாள், அடுத்த வாரம் மூன்று நாள் என்று பிரித்து எடுத்துக்கொள்ள முடியாது.

அந்த இரண்டு மாதம் எந்த மாதம் என்பதை நீங்கள் முடிவு செய்ய மாட்டீர்கள். திருப்பூரில் கிறிஸ்துமஸ் ஆர்டர் கப்பலேற வேண்டிய நேரத்தில் வரலாம். ஈரோட்டில் மஞ்சள் வெட்டு நடக்கும்போது வரலாம். தங்கச்சி கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்த மாதத்தில் வரலாம். சேர்வதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

அழைப்பு வந்தால்

வருஷாந்திரப் பயிற்சி டி.ஏ.வின் ஒரு பாதிதான். மறுபாதியை ஆங்கிலத்தில் எம்பாடிமெண்ட் என்கிறார்கள். மொத்த பட்டாலியனையும் பணிக்கு அழைத்து, வழக்கமான ராணுவத்தோடு சேர்த்து நிறுத்துவது என்று பொருள். அந்தக் காலம் முழுக்க நீங்கள் முழுநேரச் சிப்பாய். காஷ்மீரிலும் வடகிழக்கிலும் டி.ஏ. பட்டாலியன்கள் இப்படித்தான் நிற்கின்றன. கீழ்பவானி வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல எல்லாப் பட்டாலியன்களையும் ஒரே நேரத்தில் அழைப்பதில்லை. சிலவற்றை நிறுத்தி, சிலவற்றை விடுவித்து, மாற்றி மாற்றி அழைப்பார்கள். ஆனால் ஒருமுறை அழைத்தால் அது வாரக் கணக்கில் முடியாது, வருஷக் கணக்கில் போகலாம்.

அண்மைக்கால உதாரணம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் நடந்துகொண்டிருந்தபோது, டி.ஏ. விதிகளில் 33ஆவது விதியின்படி தரைப்படைத் தளபதிக்கு மத்திய அரசு ஓர் அதிகாரம் கொடுத்தது. தேவைப்பட்டால் டி.ஏ.வின் ஒவ்வோர் அதிகாரியையும் வீரரையும் அவர் பணிக்கு அழைக்கலாம். இருக்கும் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14ஐ எம்பாடி செய்யவும் அந்த உத்தரவு இடம் கொடுத்தது. 2025 பிப்ரவரி 10 முதல் 2028 பிப்ரவரி 9 வரை, மூன்று வருஷத்துக்கு அது செல்லும். அந்த வாரம் டிவியில் இந்தச் செய்தியைப் பார்த்த பலருக்கு டி.ஏ. என்று ஒன்று இருப்பதே அன்றுதான் தெரிந்தது. அதில் இருப்பவர்களின் வீடுகளில் அன்று இரவு என்ன பேச்சு நடந்திருக்கும் என்பதைச் சேர விரும்புகிறவர்கள் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆபத்து குறைவாக இருக்கும் என்றும் எண்ணிக்கொள்ள வேண்டாம். 1962, 1965, 1971 போர்களில் டி.ஏ. பிரிவுகள் பங்கெடுத்தன. 1965இலும் 1971இலும் அவற்றின் வான் பாதுகாப்புப் பிரிவுகள் விமானத் தாக்குதல்களை எதிர்கொண்டன. அமைதிக் காலத்தின் மிக உயர்ந்த வீர விருதான அசோக சக்கரம் 2019இல் லான்ஸ் நாயக் நசீர் அகமது வானிக்கு, அவர் மறைந்த பிறகு, அளிக்கப்பட்டது. ஷோபியானில் தீவிரவாதிகளோடு நடந்த மோதலில் 2018 நவம்பரில் உயிர்விட்ட அவர் டி.ஏ.வின் 162ஆவது பட்டாலியனைச் சேர்ந்தவர். குண்டுக்கு முழுநேரம், பகுதிநேரம் என்ற வித்தியாசம் தெரியாது.

போர் மட்டுமே வேலை என்றும் இல்லை. 2024 ஜூலை 30ஆம் தேதி அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணில் புதைந்தபோது, மீட்புக்கு அனுப்பப்பட்ட முதல் ராணுவப் பிரிவுகளில் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டோடு இணைந்த 122ஆவது டி.ஏ. பட்டாலியனும் ஒன்று. நீலகிரியைத் தாண்டினால் வயநாடு. கூடலூர்ப் பக்கம் சொந்தபந்தம் இருப்பவர்களுக்கு அந்த மழை நாட்கள் எப்படி இருந்தன என்று தெரியும். மழையும் மலையும் மொழியும் பழகிய, பக்கத்திலேயே இருக்கிற ஆட்கள் முதல் மணி நேரங்களில் போய் நின்றால் அதன் மதிப்பே வேறு. டி.ஏ.வின் மீது எனக்குப் பெரிய மரியாதை வந்ததற்கு இந்த ஒன்றே போதும்.

நடிகர் மோகன்லால் சீருடையில் வயநாட்டுக்கு வந்த படத்தைப் பார்த்து ஒரு குழப்பமும் பரவியது. அவர் 2009 முதல் டி.ஏ.வில் கௌரவ லெப்டினன்ட் கர்னல். கபில்தேவ், தோனி, நீரஜ் சோப்ரா ஆகியோருக்கும் அப்படித்தான், சாதனைக்காகக் கொடுத்த கௌரவப் பதவி. நமக்கு அந்த வழி கிடையாது. அரசியல்வாதிகளில் சச்சின் பைலட் 2012இலும் அனுராக் தாக்கூர் 2016இலும் தேர்வு பெற்று அதிகாரிகளாகப் பொறுப்பேற்றவர்கள். நமக்கு உள்ளதும் அந்த வழிதான்.

முதலாளி என்ன சொல்வார்?

கொங்கு நாட்டில் இதைப் பேசத் தொடங்கினால் வரும் முதல் கேள்வி, “ஏனுங்க, ரெண்டு மாசம் லீவு எந்த ஓனருங்க குடுப்பாங்க?” என்பதுதான். நியாயமான கேள்வி. இங்கே பெரும்பாலானவர்கள் வேலை பார்ப்பது ஆயிரம் பேர் இருக்கும் நிறுவனங்களில் இல்லை. பத்து முப்பது பேர் உள்ள பவுண்டரி, பம்ப்செட் அசெம்பிளி, செக்கிங் யூனிட், சோமனூர்ப் பக்கத்துத் தறிக்கூடம், நாமக்கல் லாரி ஆபீஸ். ஒரு மோல்டர் போனால் அந்த ஷிஃப்டே நிற்கும் இடங்கள் இவை.

இதை 1948 சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள். சட்டத்தின் ஒரு பிரிவு முதலாளிக்கு இரண்டு கடமைகளை வைக்கிறது. டி.ஏ. பணிக்கு அழைக்கப்பட்ட ஊழியருக்குத் தேவையான விடுப்பைக் கொடுக்க வேண்டும். பணி முடிந்து திரும்பியதும், இடையில் போகாமல் இங்கேயே இருந்திருந்தால் என்ன நிலையில் இருந்திருப்பாரோ அதற்குக் குறையாத நிலையில் மறுபடி வேலையில் சேர்க்க வேண்டும். முதலாளி மறுத்தாலோ, சேர்க்க முடியாத சூழ்நிலை என்று சொன்னாலோ, விவகாரம் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் போகும். அவர் முதலாளிக்கு விலக்கு கொடுக்கலாம், வேலை கொடுக்கச் சொல்லலாம், ஆறு மாதச் சம்பளம் வரை இழப்பீடு கொடுக்கவும் சொல்லலாம். அழைப்பு வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு முன்கூட்டியே கணக்கை முடித்து அனுப்பினாலும் அந்தக் கடமை முதலாளியை விடாது. உத்தரவு வந்த பிறகு நிறுத்தினால், தப்பிப்பதற்காகவே நிறுத்தினார் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் வேலை. இன்னொரு பிரிவு பி.எஃப். போன்ற நிதிகளில் உங்களுக்குள்ள உரிமை இடைக்காலத்தில் அறுந்துபோகாமல் காக்கிறது.

கேட்கத் தெம்பாக இருக்கிறது. நடைமுறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நீங்கள் அங்கே வேலை பார்த்தீர்கள் என்பதற்குக் காகிதம் வேண்டும். பீஸ்ரேட்டில் தைப்பவர், வாரச் சம்பளத்தைக் கையில் வாங்குபவர், பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும் பிடிக்காத இடத்தில் இருப்பவர், கான்ட்ராக்டர் மூலம் வந்தவர் இவர்களுக்கெல்லாம் இந்தச் சட்டம் காகிதத்தில் மட்டும்தான் துணை. நியமன உத்தரவோ சம்பள ரசீதோ இல்லாமல் போய்விட்டு வந்து, “எனக்கு இங்கே வேலை இருந்தது” என்று சொன்னால் யார் கேட்பார்கள்? டி.ஏ.வில் சேரும் எண்ணம் இருந்தால், அதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே உங்கள் வேலையைக் காகிதத்தில் கொண்டுவரப் பாருங்கள்.

ஓனர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு மாதச் சம்பளத்தை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. பணி நாட்களுக்கு ராணுவமே சம்பளம் தருகிறது. ஆள் இல்லாத சிரமம் உங்களுக்கு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் விடியற்காலையில் எழுவதும், பத்துப் பேரை நடத்திச் செல்வதும், சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பதும் பழகிய ஆள் உங்கள் பட்டறைக்குத்தான் திரும்பி வருகிறார். சூப்பர்வைசர் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்ளாத தொழிலதிபர் கோவையில் உண்டா? பேசி முடிவெடுக்க முடிகிற விஷயத்துக்குச் சட்டத்தை இழுக்க வேண்டியதில்லை. பையன் வந்து முன்கூட்டியே கேட்டால் முகம் சுளிக்காமல் கேளுங்கள்.

சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு முதலாளி பிரச்சினை இல்லை, ஆனால் காப்பாற்ற ஒரு சட்டப்பிரிவும் இல்லை. வெளியே போகும் காலத்தில் கடையை, தோட்டத்தை, தறியை யார் பார்ப்பது? கூட்டுக்குடும்பமாக இருந்து, அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருக்கும் வீடுகளுக்கு இது சுலபம். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் இரண்டு மாதம் போகலாம். காய்வெட்டு ஒன்று தள்ளிப்போனாலும் மரம் அங்கேயே நிற்கும். ஒற்றை ஆளாகக் கோழிப்பண்ணை நடத்துபவரால் முடியாது.

அரசு ஊழியர்கள் துறைத் தலைவரிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். முப்படையில் இருப்பவர்கள், போலீஸ், துணை ராணுவத்தில் பணியில் இருப்பவர்கள் சேர முடியாது.

அதிகாரி, சிப்பாய்: இரண்டு வாசல்கள்

அதிகாரியாக வர பட்டம் வேண்டும், 18 முதல் 42 வயதுக்குள் இருக்க வேண்டும், வருமானம் உள்ள வேலையோ தொழிலோ வேண்டும். எழுத்துத் தேர்வில் தர்க்க அறிவு, எளிய கணிதம், பொது அறிவு, ஆங்கிலம் கேட்கிறார்கள். அதில் தேறினால் முதற்கட்ட நேர்காணல், பிறகு எஸ்.எஸ்.பி., கடைசியில் மருத்துவப் பரிசோதனை. எஸ்.எஸ்.பி. என்பது பல நாட்கள் நடக்கும் ஆளுமைத் தேர்வு. குழுவாக ஒரு சிக்கலைக் கொடுத்து எப்படித் தீர்க்கிறீர்கள் என்று பார்ப்பார்கள், கதை எழுதச் சொல்வார்கள், உளவியல் கேள்விகள் கேட்பார்கள். மனப்பாடம் உதவாத தேர்வு. பத்து வருஷம் தொழில் நடத்தி, ஆட்களோடு மல்லுக்கட்டி, நஷ்டம் பார்த்து எழுந்தவருக்கு இதில் புதுப் பட்டதாரியைவிடச் சொல்ல நிறைய இருக்கும் என்பது என் எண்ணம். வயது இங்கே பாரமாக இருக்காது. தேறியவர் லெப்டினன்ட்டாகத் தொடங்குவார். தகுதிகளை நிறைவு செய்தால் காலப்போக்கில் லெப்டினன்ட் கர்னல் வரை பதவி உயர்வு உண்டு, அதற்கு மேலே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மட்டும் போவார்கள்.

பெண்களும் விண்ணப்பிக்கலாம். நெடுங்காலம் அந்தக் கதவு மூடியிருந்தது. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் பெண்களைத் தடுப்பது செல்லாது என்று தீர்ப்பளித்த பிறகு அதிகாரி அறிவிப்புகளில் பெண்களுக்கும் இடம் வருகிறது. இடங்கள் மிகக் குறைவு என்பது வருத்தமான உண்மை.

சிப்பாயாகச் சேர, பொதுப் பணிக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதமும் ஒவ்வொரு பாடத்திலும் 33 சதவீதமும் வேண்டும். சமையல், முடிதிருத்தம், தையல் போன்ற டிரேடுகளும் உண்டு. அவற்றில் சிலவற்றுக்கு எட்டாம் வகுப்பு போதும். வயது இங்கேயும் 18 முதல் 42 வரை. உயரம் 160 சென்டிமீட்டர், மார்பு 77, மூச்சிழுத்தால் 82. ஓட்டம், புல்-அப்ஸ், ஒன்பதடிப் பள்ளம் தாண்டல், கட்டைமேல் சமநிலை நடை, பிறகு மருத்துவம், எழுத்துத் தேர்வு. ராலிக்கு, அதாவது ஆள் எடுக்கும் முகாமுக்கு, வருகிறவர்களில் அதிகம் பேர் கழன்றுகொள்வது ஓட்டத்தில். ஒரு மாதம் மட்டும் ஓடிவிட்டு வந்தால் போதாது.

பணக்கணக்கு

7ஆவது ஊதியக் குழுவின்படி லெப்டினன்ட்டின் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. அதற்கு மேல் ராணுவச் சேவை ஊதியம் 15,500. சிப்பாய்க்கு 21,700, சேவை ஊதியம் 5,200. அகவிலைப்படி முதலியவை தனி. வழக்கமான ராணுவத்தில் இருப்பவருக்கு என்னவோ அதுவேதான், பயிற்சியிலோ பணியிலோ இருக்கும் நாட்களுக்கு மட்டும். வீட்டுக்கு அனுப்பிவிட்டால் சம்பளமும் நின்றுவிடும். ஆகவே மாதாமாதம் வரும் என்று நினைத்து வீட்டுக்கடன் போடுவதோ, டி.ஏ. சம்பளத்தைக் காட்டிப் பெண் பார்ப்பதோ வேண்டாம். பெண் வீட்டாரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

ஓய்வூதியம் பற்றி நிறையப் பொய்கள் உலவுகின்றன. அதிகாரிகளுக்கு 20 வருஷமும் மற்றவர்களுக்கு 15 வருஷமும் தகுதிக்காலம் வேண்டும், அதிலும் எம்பாடி செய்யப்பட்டிருந்த காலம்தான் கணக்கில் வரும். வீட்டில் இருந்த வருஷங்கள் சேராது. பட்டாலியன் நெடுங்காலம் எல்லையில் நின்றவர்களுக்கு அது எட்டியிருக்கிறது. மற்ற பலருக்கு எட்டாது. அப்பாரு வாங்கிய பென்ஷனை மனதில் வைத்து யாரும் டி.ஏ.வுக்கு வரக் கூடாது.

அப்படியானால் எதற்காகச் சேர்வது என்று கேட்பீர்கள். சின்ன வயதில் பட்டாளத்துக்குப் போக ஆசைப்பட்டு, வீட்டு நிலைமையால் மில்லுக்கோ தறிக்கோ போனவர்கள் நம் ஊர்களில் ஏராளம். அந்த ஆசையை இப்போது பிள்ளைகளிடம் இறக்கி வைக்கப் பார்க்கிறார்கள். அவர்களுக்கே நாற்பத்திரண்டு வயது வரை கதவு திறந்திருக்கிறது. தொழிலும் குடும்பமும் ஓரளவு கால் ஊன்றிய பிறகு, பணத்துக்காக இல்லாமல், தன் உடம்பையும் நேரத்தையும் நாட்டுக்குக் கொடுக்க நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. இருபது வயதில், கையில் வேறு வேலை எதுவும் இல்லாமல், வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டிய நிலையில் இருக்கிற பையனுக்கு முழுநேர வேலைதான் முதலில் வேண்டும். தம்பி, உன் ஆசை குறையானதில்லை. ஆனால் முதலில் ஒரு தொழிலில் காலூன்று. டி.ஏ. உனக்காக இன்னும் இருபது வருஷம் காத்திருக்கும்.

விண்ணப்பிப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். அதிகாரித் தேர்வுக்கு 2025இல் மே மாதம் அறிவிப்பு வந்து ஜூலையில் தேர்வு நடந்தது. சிப்பாய் ராலி அறிவிப்புகள் நாளிதழ்களிலும் படையின் அதிகாரப்பூர்வ தளத்திலும் வரும். ராலியில் சேர்வதற்கு எங்கேயும் பணம் கட்ட வேண்டியதில்லை. “உள்ளே ஆள் இருக்காங்க, ரெண்டு லட்சம் குடுங்க” என்று யாராவது வந்தால் அது மோசடி, காவல் நிலையத்தில் சொல்லுங்கள். வேலையில் இருப்பவர்கள் நிறுவனத்தின் கடிதத்தையும் தடையில்லாச் சான்றையும், சொந்தத் தொழில் செய்பவர்கள் என்ன தொழில், வருஷ வருமானம் எவ்வளவு என்று முத்திரைத்தாளில் எழுதிய பிரமாணப் பத்திரத்தையும் பான் அட்டையையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருந்தால் திருத்தி வாங்க மாதக்கணக்கில் ஆகும்.